முதல் நாளே ஒரு தாள் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செப்டம்பர் ரத்தப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் என்பதால் வருஷா வருஷம் உங்கள் பத்திரிகையிலும் மற்றப் பத்திரிகைகளிலும் ஒரு கட்டுரை வந்துவிடுகிறது. விடாத காய்ச்சல், படியேறினால் மூச்சு வாங்குவது, ஈறில் ரத்தம், அடிபடாமலே உடம்பில் நீலத் திட்டு, கழுத்திலோ அக்குளிலோ கட்டி, இதெல்லாம் இருந்தால் டாக்டரைப் பாருங்கள் என்று எழுதுகிறீர்கள். நல்லது, எழுதுங்கள். ஆனால் டாக்டரைப் பார்த்தாயிற்று, நோய் அதுதான் என்று சொல்லியும் ஆயிற்று, அப்புறம் என்ன? அந்த வார்டுக்குள் நுழைகிற குடும்பம் எதை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதனால் நானே எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் இருக்கும், மன்னிக்கவும்.

நான் டாக்டர் இல்லை. அயனாவரத்தில் ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன் கடை வைத்திருக்கிறேன். என் தம்பிக்கு 2023 நவம்பரில், தீபாவளிக்கு முந்தின வாரம், ஏ.எம்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். அப்போது அவனுக்கு வயது 26. எந்த மருத்துவமனை என்று எழுதப் போவதில்லை. அங்கே நடந்த குறையைச் சொல்லத்தான் போகிறேன், ஆனால் என் தம்பி இன்று உயிரோடு இருப்பதும் அதே இடத்தில் கிடைத்த வைத்தியத்தால்தான்.

முதல் நாளே பரிசோதனைக்காக எலும்பு மஜ்ஜை, அதாவது எலும்புக்குள் ரத்தம் தயாராகிற பகுதி, அதிலிருந்து கொஞ்சம் எடுக்க வேண்டும் என்றார்கள். பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி, "முதுகுத் தண்டுல ஊசி போடுவாங்க, கால் வராமப் போயிடும்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், என் அம்மா தாளில் கைநாட்டு வைக்க மாட்டேன் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அரை நாள் அதிலேயே போனது. முதுகுத் தண்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இடுப்பு எலும்பின் பின்பக்கம், உட்காரும்போது பெல்ட் படுகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, அங்கேதான் எடுக்கிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள், அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது, மஜ்ஜையை உறிஞ்சுகிற அந்தச் சில நொடி மட்டும் காலுக்குள்ளிருந்து எதையோ பிடித்து இழுத்த மாதிரி இருந்தது என்று தம்பி சொன்னான். இதை யாராவது இரண்டு நிமிஷம் அம்மாவிடம் சொல்லியிருந்தால் அந்த அரை நாள் மிச்சம்.

அடுத்தது ரிசல்ட். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்வது ஓரிரு நாளில் வந்துவிடும், ஃப்ளோ சைட்டோமெட்ரி என்று ஒன்று, எந்த வகை அணு என்று பிரித்துச் சொல்வது, அதற்குச் சில நாள், குரோமோசோம் பார்ப்பதற்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். இது தெரியாத நாங்கள், ரிப்போர்ட்டைத் தொலைத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று லேப் வாசலில் தினமும் போய் நின்றோம். சொந்தக்காரர்களோ போனில் ஒரே கேள்வி, "எத்தனாவது ஸ்டேஜ்?" மார்பகம், குடல் போன்ற இடங்களில் கட்டியாக வருகிற புற்றுநோய்க்குச் சொல்கிற முதல் ஸ்டேஜ், நாலாவது ஸ்டேஜ் கணக்கு தம்பிக்கு வந்த இந்த ரத்தப் புற்றுநோய்க்குக் கிடையாது. ரத்தம் உடம்பு முழுக்க ஓடுகிறது, அதில் பரவியது பரவாதது என்று எப்படிப் பிரிப்பது? இங்கே பார்ப்பது குரோமோசோமையும் ஜீனையும். என் தம்பிக்கு 8-ஆம் குரோமோசோமுக்கும் 21-ஆம் குரோமோசோமுக்கும் இடையில் துண்டு இடம் மாறியிருந்தது, இது கீமோ மருந்துக்கு நன்றாகக் கேட்கிற வகை, முதலிலேயே மஜ்ஜை மாற்று சிகிச்சை வேண்டியதில்லை என்று பெரிய டாக்டர் சொன்னார். அந்த ரிப்போர்ட்டுக்கு இரண்டு வாரம் காத்திருந்ததற்கு அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது. அதற்காக எல்லோரையும் காக்கவைப்பதும் இல்லை. ஏ.பி.எல். என்று ஒரு வகை, அதில் முதல் நாட்களில் திடீரென்று ரத்தக்கசிவு வந்து ஆளைக் கொண்டுபோய்விடும், அதனால் சந்தேகம் வந்த அன்றைக்கே மாத்திரையைத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த ஆரம்ப ஆபத்தைத் தாண்டிவிட்டால் ரத்தப் புற்றுநோய்களிலேயே மிக நன்றாகக் குணமாகிற வகைகளில் அதுவும் ஒன்று.

ரத்தப் புற்றுநோய் என்ற ஒரே பெயருக்குள் இப்படி எத்தனையோ நோய்கள். ஓ.பி. நாளில் எனக்கு முன்னால் வரிசையில் நிற்கிற ஒரு பெரியவருக்கு சி.எம்.எல். என்கிற வகை, பதினோரு வருஷமாக தினம் ஒரு மாத்திரை, பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தேன் என்பார். குழந்தைகளுக்கு அதிகம் வருகிற ஏ.எல்.எல்.-லுக்கு இரண்டு, இரண்டரை வருஷம் வைத்தியம், அதில் பெரும்பகுதி வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடுகிற காலம், பிள்ளை ஓடியாடுகிறதே என்று நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பிவிடலாம். வயதானவர்களுக்கு வருகிற மைலோமா பல சமயம் வெறும் முதுகு வலியாகத்தான் ஆரம்பிக்கிறது, தைலம் தேய்த்தே மாதக்கணக்கு ஓடிவிடுகிறது. வரிசையில் நிற்கிற அந்த சி.எம்.எல். பெரியவரின் மாத்திரை இமாட்டினிப். வெளிநாட்டுக் கம்பெனி மருந்து மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விற்றபோது நம்மூரில் தயாரானது பத்தாயிரம் அளவில் கிடைத்தது. அந்தக் கம்பெனி கேட்ட காப்புரிமையை, அதாவது வேறு யாரும் தயாரிக்கக் கூடாது என்கிற உரிமையை, 2006-இல் முதலில் மறுத்தது நம் சென்னை காப்புரிமை அலுவலகம். 2007-இல் காப்புரிமைச் சட்டப் பிரிவையே எதிர்த்துக் கம்பெனி போட்ட வழக்கைத் தள்ளுபடி செய்தது சென்னை உயர் நீதிமன்றம், 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றமும் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லி முடித்து வைத்தது. நம் ஊர் ஆபீசில் ஓர் அதிகாரி எழுதிய உத்தரவில் தொடங்கிய விஷயம், இன்றைக்கு அந்தப் பெரியவர் பேரனைப் பள்ளிக்குக் கூட்டிப் போகிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

சரி, வார்டுக்கு வருகிறேன். "தம்பிகிட்ட சொல்லிடாதீங்க, பையன் உடைஞ்சு போயிடுவான்" என்று பெரியப்பா கட்டாயமாகச் சொன்னார். நாங்களும் ரத்தத்தில் கிருமி என்று சொல்லி வைத்தோம். மூன்றாம் நாள் டிரிப்ஸ் பாட்டிலில் ஒட்டியிருந்த மருந்துப் பெயரைப் போனில் தேடி அவனே தெரிந்துகொண்டு, எங்கள் யாருடனும் பேசாமல் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டான். நோயைவிட நாங்கள் மறைத்ததுதான் அவனுக்குப் பெரிய அடி. அடுத்த நாள் டாக்டரம்மா ஒருவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நோயின் பெயர், என்ன மருந்து, எத்தனை ரவுண்டு, என்ன ஆபத்து, எல்லாவற்றையும் தமிழில் சொன்னார், பத்து நிமிஷம்தான். அன்றைக்கு மத்தியானம் அவன் தயிர் சாதம் கேட்டுச் சாப்பிட்டான். உடம்பு அவனுடையது, தெரிந்துகொள்கிற உரிமையும் அவனுடையது. குடும்பம் மறைக்கச் சொன்னால்கூட, நோயாளிக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்று நோயாளியையே கேளுங்கள் என்று டாக்டர்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

தீபாவளிக்கு மறுநாள் கீமோ ஏற ஆரம்பித்தது. ஏழு நாள் ஒரு மருந்து ராப்பகலாக, அதில் முதல் மூன்று நாள் இன்னொன்றும் சேர்த்து. அந்த இன்னொன்று ஆரஞ்சு கலந்த சிவப்பாக இருக்கும். அன்று ராத்திரி பாத்ரூமிலிருந்து தம்பி "அக்கா, ரத்தம் போவுது" என்று கத்தினான், போய்ப் பார்த்தால் சிறுநீர் சிவப்பு. நான் சிஸ்டரைத் தேடி ஓடிய ஓட்டத்தில் செருப்பு கழன்றுபோனது. சிஸ்டர் நிதானமாக, "மருந்தோட கலர்மா, ரெண்டு நாள் அப்படித்தான் வரும்" என்றார். பத்து வினாடி பதில். அதை ஊசி ஏற்றும்போதே சொல்லியிருக்கலாம். அவரைக் குறை சொல்லவில்லை, அந்த வார்டில் அத்தனை படுக்கைக்கும் ராத்திரியில் இரண்டே சிஸ்டர்கள், அவர்கள் சாப்பிட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் கீமோவுக்கு முன்னால் யாரும் சொல்லவில்லை. கல்யாணமாகாத பையன், மருந்தால் பிற்காலத்தில் குழந்தைப் பேறு பாதிக்கலாம், அதற்கு முன்பே விந்தணுவை உறைய வைத்து எடுத்து வைக்க வழி இருக்கிறது. நோயின் அவசரத்தைப் பொறுத்து முடியாமலும் போகலாம், ஆனால் கேட்க வேண்டும் இல்லையா? அக்காவும் தம்பியும் பேசிக்கொள்கிற விஷயமில்லை இது. டாக்டர்தான் பேச வேண்டும், இளம் பெண்களிடமும் இதே போலப் பேச வேண்டும்.

கவுண்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, இறங்க ஆரம்பித்ததும் பிளேட்லெட் தேடுகிற வேலை. ரத்தம் கசியாமல் உறைய வைக்கிற அணு அது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய பிளேட்லெட் பத்தாயிரத்துக்குக் கீழே போனால் தானாகவே ரத்தம் கசியலாம் என்று ஏற்றுகிறார்கள். சிவப்பணுப் பையை ஃப்ரிட்ஜில் ஒரு மாதத்துக்கு மேல் வைக்கலாம், பிளேட்லெட் அப்படி இல்லை. ரத்த வங்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், சாதாரண அறைக் குளிரில், தொட்டில் மாதிரி இடைவிடாமல் ஆடிக்கொண்டே இருக்கிற தட்டுகளில் வெளுத்த மஞ்சள் நிறப் பைகள். ஐந்தே நாள் ஆயுசு. சேர்த்து வைக்கவே முடியாத சரக்கு என்பதால்தான் நோயாளி வீட்டாரை ஆள் கொண்டுவா, ஆள் கொண்டுவா என்று கேட்கிறார்கள். 2023 டிசம்பர் 3, 4 மிக்ஜாம் புயலில் இந்த ஊர் என்ன ஆனது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு தம்பிக்கு பிளேட்லெட் 9,000. வருவதாகச் சொன்ன மூன்று பேரில் இருவர் வீட்டுக்குள் தண்ணீர். மூன்றாவது ஆள், தம்பியோடு கேரம் ஆடுகிற பையன், ஓட்டேரியிலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்தே வந்துவிட்டான். பேன்ட்டைச் சுருட்டி, கையில் செருப்பு, போனை பாலிதீன் கவரில் சுற்றி சட்டைக்குள் வைத்திருந்தான். காலைக் கழுவ வைத்து, துண்டு கொடுத்து, டீ வாங்கிக் கொடுத்து, பரிசோதனை முடித்து மிஷினில் உட்கார வைத்தார்கள். ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து பிளேட்லெட்டை மட்டும் பிரித்துக்கொண்டு மீதியைத் திரும்ப உடம்புக்கே அனுப்புகிற மிஷின் அது, ஒன்றரை மணி நேரம் ஆனது. வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், சாதாரண ரத்ததானம் என்றால் ஆண்கள் மூன்று மாதம், பெண்கள் நான்கு மாதம் இடைவெளி விட வேண்டும், மிஷினில் பிளேட்லெட் மட்டும் கொடுத்தால் 48 மணி நேரத்தில் உடம்பு மறுபடி தயார், வருஷத்துக்கு 24 முறை வரைக்கும் கொடுக்கலாம். மழைக்காலத்தில் கொடுங்கள், பண்டிகை நாளில் கொடுங்கள், அப்போதுதான் வார்டில் ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரத்தம் ஊற வேண்டும் என்று அத்தை புளியந்தோப்பிலிருந்து சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்கி வதக்கிக் கொண்டுவந்தார், இன்னொருவர் பப்பாளி இலைச் சாறு, இன்னொருவர் கோயில் தீர்த்தம். அவரவர் பாசம், எதையும் தட்ட மனம் வராது. டாக்டரிடம் கேட்டோம். இவனுக்கு இரும்புச் சத்துக் குறைவால் ரத்தம் குறையவில்லை, ரத்தம் தயாராகிற மஜ்ஜையே இப்போது வேலை செய்யவில்லை, சுவரொட்டி நன்றாக வெந்து சூடாக இருந்தால் ஆசைக்குச் சாப்பிடட்டும், பச்சைச் சாறும் கொதிக்காத தண்ணீரும் கடையில் நறுக்கிய பழமும் வேண்டாம் என்றார். இவ்வளவு எளிதான விஷயத்துக்கு வீட்டில் எத்தனை சண்டை நடந்தது தெரியுமா?

இனிமேல் எழுதப் போவதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதல் ரவுண்டு முடிந்து மஜ்ஜையில் நோய் தெரியவில்லை என்று சொல்லி டிசம்பர் மூன்றாம் வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். நோய் மறுபடி தலை தூக்காமலிருக்க இன்னும் சில ரவுண்டு கீமோ உண்டு. பொங்கல் கழிந்து இரண்டாவது ரவுண்டு, இந்த முறை மருந்து முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டான், நன்றாகத்தான் இருந்தான், டிவி பார்த்தான், எங்கள் தெரு நாயோடு ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டிருந்தான். ஜனவரிக் கடைசியில் ஒரு ராத்திரி பதினொன்றரைக்கு உடம்பு நடுங்குகிறது என்றான். தொட்டால் கொதித்தது. வீட்டில் தெர்மாமீட்டர் இல்லை. எல்லா வீட்டிலும் செய்கிறதைத்தான் நானும் செய்தேன், பாராசிட்டமால் 650 ஒன்று கொடுத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு, போர்த்திவிட்டேன். இரண்டு மணிக்கு வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது. அப்பாடா என்று நானும் கண்ணயர்ந்தேன். ஆறு மணிக்கு எழுப்பினால் பேச்சு குழறுகிறது, விரல் நுனியெல்லாம் சில்லென்று இருக்கிறது.

ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். கேஷுவாலிட்டியில், அதாவது அவசரப் பிரிவில், கூட்டம். எல்லோருக்கும் காய்ச்சல்தான், அதில் இவனும் ஒரு காய்ச்சல். சீட்டு வாங்கிவரச் சொன்னார்கள், வாங்கினேன், பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தோம், இரண்டு பக்கமும் இருமிக்கொண்டிருந்தார்கள். பழைய ஃபைலை அவசரத்தில் வீட்டிலேயே விட்டுவிட்டேன். கீமோ எடுக்கிற பையன் சார் என்று நான் சொன்னதை யார் காதிலும் சரியாகப் போட்டுக்கொள்ளவில்லை, நானும் கத்திச் சொல்லவில்லை, அது இவ்வளவு முக்கியம் என்று எனக்கே தெரியாதே. ஒன்பதரைக்கு பி.பி. பார்த்த பயிற்சி டாக்டர் ஒருவர் முகம் மாறி ஸ்ட்ரெச்சர் கேட்டார். முதல் ஆண்டிபயாடிக் ஏறியபோது மணி பதினொன்று. ஒன்பது நாள் ஐ.சி.யு.-வில் இருந்தான்.

ஐ.சி.யு. வாசலில் இளம் டாக்டரம்மா ஒருவர் கேட்டார், "ராத்திரியே கூட்டிட்டு வந்திருக்கணும்மா. யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் படித்தேன். மூன்று பக்கம், அத்தனையும் ஆங்கிலம், கடைசி வரியில் 'ரிவ்யூ எஸ்.ஓ.எஸ்.' என்று இருந்தது. வருஷக்கணக்காக டிஸ்சார்ஜ் சம்மரிகளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறவள் நான், அந்த வரி ஆயிரம் முறை என் கண்ணெதிரே மிஷினில் போயிருக்கும். தேவைப்பட்டால் வாருங்கள் என்று அதற்கு அர்த்தமாம். எப்போது தேவைப்படும் என்பதை எழுத அந்த மூன்று பக்கத்தில் இடமில்லையா?

பிறகு டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன். கீமோ முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய காலியாகிவிடும். அந்த அணுக்கள் இருந்தால்தான் சீழ் பிடிக்கும், தொண்டை வீங்கும், சளி கட்டும். அவை இல்லாதவன் உடம்பில் எவ்வளவு பெரிய தொற்று இருந்தாலும் வெளியே தெரிகிற ஒரே அடையாளம் பல சமயம் காய்ச்சல் மட்டும்தான். அதை நாம் மாத்திரை போட்டு இறக்கிவிட்டால் அந்த ஒரு அடையாளமும் போய்விடுகிறது. தெர்மாமீட்டரில் 100.4 காட்டினால், அல்லது காய்ச்சலே இல்லாமல் நடுக்கம் வந்தாலும், ராத்திரி எத்தனை மணியானாலும் கிளம்பிவிட வேண்டும். வந்து சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆண்டிபயாடிக் ஏறியிருக்க வேண்டும் என்பது எந்த நாட்டு டாக்டரைக் கேட்டாலும் சொல்கிற விதி, கவுண்ட் ரிப்போர்ட் வரட்டும் என்று அதற்காகக் காத்திருக்கக்கூடக் கூடாது. தெருமுனை கிளினிக்கில் இடுப்பில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு பார்க்கலாம் என்று போகவே கூடாது, பிளேட்லெட் குறைந்த நேரத்தில் சதையில் போடுகிற ஊசியால் உள்ளேயே ரத்தம் கட்டிவிடும். வலிக்கு ஆஸ்பிரின், புரூஃபென் போன்றவற்றையும் கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது.

தம்பி தேறி வார்டுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து இதையெல்லாம் பெரிய எழுத்தில் ஒரு தாளில் டைப் செய்தேன். மேலே நோயாளி பெயர், நோயின் பெயர், கடைசி கீமோ தேதி, ரத்த குரூப். நடுவில் காய்ச்சல் விஷயம், தடித்த எழுத்தில். அதற்குக் கீழே கேஷுவாலிட்டியில் காட்டுவதற்காக ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி, இவர் கீமோ எடுப்பவர், காய்ச்சலோடு வந்தால் காக்க வைக்காதீர்கள் என்று. பின்பக்கம் சிவப்புச் சிறுநீர், முடி கொட்டுவது எப்போது, சாப்பாடு, ஊசி கூடாது, இவையெல்லாம். டாக்டரம்மா படித்து இரண்டு இடத்தில் திருத்திக் கொடுத்தார். லேமினேட் செய்து தம்பி படுக்கையில் கட்டினேன். மறுநாள் எதிர்ப் படுக்கை அண்ணன் ஒன்று கேட்டார், அப்புறம் சிஸ்டர் பத்துக் காப்பி கேட்டார். அதற்கு அப்புறம் இரண்டு முறை தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு முறையும் அந்தத் தாளைக் கேஷுவாலிட்டி மேஜைமேல் வைத்தேன், நாற்பது நிமிஷத்துக்குள் மருந்து ஏறிவிட்டது. அதே மருத்துவமனை, அதே கேஷுவாலிட்டி.

நான் கேட்பது இதைத்தான். ரத்தப் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிற ஒவ்வொரு மருத்துவமனையும், அரசு என்றாலும் தனியார் என்றாலும், நோய் உறுதியான முதல் நாளே தமிழில் அச்சடித்த இப்படி ஒரு தாளைக் கொடுக்க வேண்டும், அதை ஒருவர் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும், என் அம்மாவைப் போலப் படிக்கத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர். அதில் ராத்திரியிலும் எடுக்கிற ஒரு போன் நம்பர் இருக்க வேண்டும். டாக்டரின் சொந்த நம்பரை யாரும் கேட்கவில்லை. வார்டில் ஒரு போன், டியூட்டியில் இருக்கிற யாராவது எடுத்து "உடனே வாங்க" என்று சொன்னால் போதும். பிரிட்டனில் கீமோ எடுக்கிறவர்களுக்கு 24 மணி நேரமும் கூப்பிட ஒரு நம்பரும், எந்த அவசரப் பிரிவிலும் காட்ட ஒரு அட்டையும் கொடுத்துத்தான் அனுப்புகிறார்களாம். அது பணக்கார நாடு என்பார்கள். என் கடையில் அந்தத் தாளை இரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்ய ஆகிற செலவு ஒரு டீ, ஒரு வடை.

தன் தங்கை புற்றுநோயில் சாவதைக் கண்ணால் பார்த்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. டாக்டர் சாந்தா 1955-இல் அங்கே சேர்ந்து 2021-இல் மறைகிற வரைக்கும் அந்த வளாகத்தையே வீடாக வைத்துக்கொண்டு வேலை செய்த ஊர். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கும் தமிழ்நாடு முழுக்க இருந்து, ஆந்திராவிலிருந்துகூட, ரத்த நோயாளிகள் வருகிறார்கள். சென்ட்ரலில் இறங்கி ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்கிறவர்களைப் பாருங்கள், அந்தக் கவரில் இருக்கிற அத்தனை தாளும் ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் கொண்டுபோய் கலெக்டர் ஆபீசில் பதிய வேண்டும். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் நோய் தெரிந்த அன்றைக்கே ஒருவரை அதற்கு அனுப்பிவிடுங்கள், வார்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து அழுவதில் பயனில்லை. அட்டை இருந்தாலும் வெளியே எடுக்கிற டெஸ்ட், பூஞ்சைத் தொற்று மாத்திரை, ஆட்டோ, கூட இருக்கிறவர் சாப்பாடு என்று செலவு இருக்கத்தான் செய்கிறது, எங்கள் வீட்டில் இரண்டு வளையல் அடகுக்குப் போனது. வெளியூர்க்காரர்களுக்கு ரயில் கட்டணச் சலுகை உண்டு, படிவத்தில் டாக்டர் கையெழுத்து வாங்க வேண்டும். புற்றுநோய் மருந்துகளில் மருந்து உறையில் போட்டிருக்கிற விலைக்கும் விற்கிற விலைக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும், கூச்சப்படாமல் நாலு கடையில் விசாரியுங்கள். இதையெல்லாம்கூட அந்தத் தாளில் ஒரு ஓரத்தில் போட்டுவிடலாம்.

தம்பிக்கு எல்லா ரவுண்டும் முடிந்துவிட்டது. இப்போது குறித்த தேதியில் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறான், வேலைக்குப் போகிறான், சாயங்காலம் கேரம். ரிசல்ட் வருகிற நாளில் மட்டும் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

கடிதத்தை வெட்ட வேண்டியிருந்தால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், காய்ச்சல் பத்தியில் மட்டும் கை வைக்காதீர்கள். தாளின் பிரதி ஒன்றை இதோடு இணைத்திருக்கிறேன். எந்த மருத்துவமனையாவது கேட்டால் முதல் ஐந்நூறு பிரதி நான் இலவசமாகவே அடித்துக் கொடுக்கிறேன், டாக்டர்கள் பார்த்து இன்னும் திருத்தட்டும். முன்பக்கம் கீழே ஒரு கோடு மட்டும் காலியாக விட்டிருக்கிறேன், அது ராத்திரியில் எடுக்கிற போன் நம்பருக்கு. அதை அவர்கள்தான் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அயனாவரம், சென்னை - 23